உபரி நிலத்தை விற்க சிட்டி புரோக்கர் வைக்கிறது. கவுன்சில் கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

செம்பருத்தி:

கலிஃபோர்னியா பே ஏரியாவில் ஒரு நடுத்தர ஊர். பெயர் வேண்டாம், இந்தக் குழுவில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறீர்கள்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் சிட்டியின் பழைய யார்டு. ரோடு போடுகிற வண்டிகள், மரக்கிளை அரைக்கிற மிஷின், ஜல்லி மேடு, சொந்தமாக ஒரு டீசல் பம்ப் என்று பல வருஷம் ஓடிய இடம். மூன்று ஏக்கருக்குச் சற்று மேல். ஊருக்கு வெளியே புது யார்டு கட்டி எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்விட்டார்கள். இப்போது கம்பி வேலிக்குள் புல்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கவுன்சில் அஜெண்டாவில் "உபரி நிலம் விற்பனைக்கு புரோக்கர் சேவை ஒப்பந்தம்" என்று ஒரு ஐட்டம். அதுவும் கன்சென்ட் காலண்டரில் (விவாதமில்லாமல் மொத்தமாக ஒரே ஓட்டில் நிறைவேற்றுகிற பட்டியல்), பழைய கூட்டத்தின் மினிட்ஸுக்கும் நடைபாதை ரிப்பேருக்கும் நடுவில். நான்கு நிறுவனங்கள் விண்ணப்பித்தன, மூன்றை நேர்காணல் செய்தோம், ஒன்றைப் பரிந்துரைக்கிறோம் என்கிறது ஸ்டாஃப் ரிப்போர்ட். மார்க் பட்டியலும் போட்டிருக்கிறார்கள்: அனுபவம் 40, உள்ளூர்ச் சந்தை 30, அணுகுமுறை 20, கட்டணம் 10. கமிஷன் விற்ற விலையில் 4 சதவீதம். வாங்குபவர் பக்கம் ஏஜெண்ட் இருந்தால் இரண்டு பேரும் பாதிப் பாதி.

நம் வீட்டை விற்க ரியல்டர் வேண்டும், சரி. சிட்டிக்கு எதற்கு? சிட்டி அட்டர்னி இருக்கிறார், பிளானிங் டிபார்ட்மெண்ட் இருக்கிறது, பில்டர்கள் ஏற்கனவே அந்த வேலியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். தவிர, கலிஃபோர்னியாவில் சர்ப்ளஸ் லேண்ட் ஆக்ட் என்று ஒன்று இருக்கிறதாமே, முதலில் குறைந்த வாடகை வீடு கட்டுகிறவர்களைத்தான் கேட்க வேண்டுமாம். அப்படியானால் இந்தப் புரோக்கர் யாரிடம் போய் விற்கப் போகிறார்? கட்டணத்துக்கு வெறும் 10 மார்க் என்பதும் உறுத்துகிறது. இதெல்லாம் வழக்கம்தானா?

மூன்று நிமிஷம் பேச விடுவார்கள். "பொதுச் சொத்தை விற்காதே" என்று கத்திவிட்டு வர இஷ்டமில்லை. உருப்படியாக என்ன கேட்கலாம்?

பிளாக் காபி:

அக்கா, பே ஏரியால மூணு ஏக்கர். கவுன்சில்ல யாருக்காவது ஒரு மச்சான் இருப்பான், மச்சானுக்கு ஒரு புரோக்கர் ஃப்ரெண்டு இருப்பான். எல்லா ஊர்லயும் இதே கதைதான், இங்க கோட்டு மட்டும் போட்டிருப்பாங்க. கன்சென்ட்ல போட்டாலே யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அர்த்தம்.

பழைய கோப்பு:

தம்பி சொல்கிற மச்சான் சில ஊரில் உண்டு, பல ஊரில் இல்லை. அவனைத் தேடுவதில் அந்த மூன்று நிமிஷத்தைக் கரைக்க வேண்டாம். தேடியே ஆக வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே தேடலாம். சிட்டி கிளார்க்கின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு கவுன்சில் உறுப்பினரின் ஃபார்ம் 460ம் கிடக்கும், தேர்தல் நன்கொடை யார் கொடுத்தது என்று வரிசையாக இருக்கும். லெவைன் ஆக்ட் என்று ஒரு சட்டம். ஒப்பந்தம் கேட்கிற ஆளிடம் முந்தைய 12 மாதத்தில் 500 டாலருக்கு மேல் வாங்கியவர் அந்த ஒப்பந்தத்தில் ஓட்டுப் போட முடியாது. 2024 வரை அது 250 டாலராக இருந்தது. புரோக்கர் நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள், அதில் கையெழுத்துப் போடுகிற ஆளின் பெயரையும் போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

நான் தெற்கே ஒரு சிட்டியின் ரியல் எஸ்டேட் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவன். பாலத்துக்கடியில் கிடக்கும் துண்டு நிலத்திலிருந்து மூடிப்போட்ட ஃபயர் ஸ்டேஷன் வரைக்கும் கோப்பு பார்த்திருக்கிறேன். அம்மா, கட்டணத்துக்கு 10 மார்க் என்பதில் சூது ஒன்றும் இல்லை. தொழில்முறை ஆட்களை எடுக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் வைப்பார்கள். ஒரு சதவீதம் குறைத்துக் கேட்டான் என்பதற்காக, நிலமே விற்றிராத ஆளை வைத்தால் அதைவிடப் பெரிய தொகை போகும். சிட்டி ஏமாறுவது மார்க் பட்டியலில் இல்லை. அஜெண்டாவில் கடைசி இணைப்பாகப் போட்டிருப்பார்களே ஒப்பந்த நகல், அங்கே.

முதலில் சட்டம். சர்ப்ளஸ் லேண்ட் ஆக்ட் 1968லிருந்து இருக்கிறது. ஆனால் பல சிட்டிகள் அதை ஒரு சம்பிரதாயக் கடிதமாகத்தான் வைத்திருந்தன. 2019ல் அதை இறுக்கிய ஏபி 1486 என்ற திருத்தச் சட்டம் நிறைவேறிய பிறகுதான் பயம் வந்தது. இப்போது நடைமுறை இப்படி: கவுன்சில் வழக்கமான பொதுக் கூட்டத்தில், காரணத்தை எழுத்தில் வைத்து, "இந்த நிலம் உபரி" என்று அறிவிக்க வேண்டும். பிறகு குறைந்த வருமான வீடு கட்டுகிறவர்கள், பூங்கா, பள்ளி நிர்வாகங்கள், எச்சிடி என்கிற மாநில வீட்டுவசதித் துறை எல்லாருக்கும் அறிவிப்பு. 60 நாளுக்குள் யாராவது விருப்பம் தெரிவித்தால் அவர்களோடு குறைந்தது 90 நாள் நல்லெண்ணத்தோடு பேச வேண்டும். விலை ஒத்துவரவில்லை என்றால் விலகலாம். சும்மா கொடு என்று சட்டம் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் திறந்த சந்தை. விற்று முடிப்பதற்கு முன் எச்சிடி 30 நாள் காகிதங்களைப் பார்க்கும். எவருமே வராமல் திறந்த சந்தையில் போனாலும், அங்கே 10 வீட்டுக்குக் குறையாமல் வந்தால் 15 சதவீதம் குறைந்த வருமானக்காரர்களுக்கு என்று பத்திரத்திலேயே ஏற்றிவிட வேண்டும்.

புரோக்கரை இதற்கெல்லாம் முன்பே வைக்கலாமா? வைக்கலாம். அறிவிப்பு கொடுப்பதற்கு முன் பேச்சுவார்த்தை கூடாது என்கிறது சட்டம். ஆனால் எதெல்லாம் பேச்சுவார்த்தை ஆகாது என்று அரசாங்கக் கோட் 54222ல் ஒரு பட்டியல் இருக்கிறது. மதிப்பீடு எடுப்பது, தகுதி விண்ணப்பம் கேட்பது, விற்பனைக் கையேடு தயாரிப்பது, புரோக்கரோடு பேசுவது. அந்தப் புரோக்கருக்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான்: வாங்க வாய்ப்புள்ள எவருக்கும் அவர் ஏஜெண்டாக இருக்கக் கூடாது. உங்கள் ஒப்பந்தத்தில் "டூயல் ஏஜென்சி", அதாவது விற்பவர், வாங்குபவர் இரு பக்கத்துக்கும் ஒரே ஏஜெண்ட், என்று தேடிப் பாருங்கள்.

அடுத்து கணக்கு. யார்டு 12 மில்லியனுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 சதவீதம் 480,000 டாலர். வாங்குபவர் பக்கம் தனி ஏஜெண்ட் இருந்தால் உங்கள் புரோக்கருக்கு 240,000. இன்னும் நாலு மாசம் காத்திருந்து 13 மில்லியனுக்கு விற்றால் சிட்டிக்குக் கமிஷன் போக 960,000 கூடுதல், புரோக்கருக்கு வெறும் 20,000 கூடுதல். அவர் காத்திருப்பாரா? ஆனால் வாங்குபவரையும் தானே கூட்டிக்கொண்டு வந்தால் அதே 12 மில்லியனில் பங்கு போடாமல் முழு 480,000ம் அவருக்கே. கலிஃபோர்னியாவில் இரு பக்கமும் எழுத்தில் சம்மதித்தால் இரு பக்கத்துக்கும் ஒரே ஆள் நிற்பது சட்டப்படி சரிதான். பொது நிலத்துக்கு அது தேவையா என்பது வேறு கேள்வி.

இன்னொன்று, நான் பார்த்தது. ஃப்ரீவே ஓரமாக ஒரு பார்சல். பக்கத்து நிலத்துக்காரர் கார் விற்கிறவர், ரொம்ப நாளாகவே எங்கள் கவுண்டருக்கு வந்து "விற்கும்போது சொல்லுங்க" என்று கார்டு கொடுத்துவிட்டுப் போவார். அந்தக் கார்டு என் மேஜையில் ஸ்டேப்ளருக்கு அடியில் கிடந்தது. புரோக்கர் ஒப்பந்தம் போட்டபோது "ஏற்கனவே அணுகியவர்களுக்குக் கமிஷன் கிடையாது" என்று ஒரு பட்டியல் சேர்க்கச் சொல்லி ஒரு மெமோ போனது. மேலே யாரும் சேர்க்கவில்லை. கடைசியில் வாங்கியது அதே கார்க்காரர்தான். போர்டு நட்டதற்கும் ஒரு பிரவுச்சர் அடித்ததற்கும் முழுக் கமிஷன்.

லாக்பாக்ஸ் லட்சுமி:

சார் சொல்றதுல நிறைய சரி, ஆனா புரோக்கர்னா போர்டு நடுறவன்னு முடிச்சிட்டா எப்படி? நான் கமர்ஷியல் பக்கம் இருக்கேன். சிட்டி நிலத்துக்கு வர்ற ஆஃபர்ல பாதி காத்துதான். 15 மில்லியன்னு எழுதுவான், அடில பார்த்தா ரீஸோனிங் (நிலப் பயன்பாட்டு மாற்றம்) கிடைச்சாத்தான் வாங்குவேன், மனை பிரிக்கிற மேப் அப்ரூவ் ஆனாத்தான் வாங்குவேன்னு போட்டிருப்பான். எஸ்க்ரோ, அதாவது விற்பனை முடியற வரைக்கும் பணமும் பத்திரமும் மூணாவது ஆள்கிட்ட இருக்கிற கட்டம், ரெண்டு வருஷம் தூங்கும், அதுவரைக்கும் சிட்டிக்கு ஒரு பைசா வராது, புரோக்கருக்கும் வராது. பக்கத்துல 11 மில்லியன், 60 நாள்ல டெபாசிட் திரும்பக் கேக்கமாட்டேன்னு ஒருத்தன் நிப்பான். இதுல எது நல்ல ஆஃபர்னு பிரிச்சுச் சொல்ல சிட்டில ஆள் இருக்காங்களா? பெரிய ஊர்ல இருப்பாங்க. நடுத்தர ஊர்ல எகனாமிக் டெவலப்மெண்ட்டுக்கே ரெண்டு பேர்தான் இருப்பாங்க.

டூயல் ஏஜென்சி வேண்டாம்னு சொல்றதுல நான் சார் பக்கம். எங்க ஆளுங்களே பொது நிலத்துல அதைத் தொடப் பயப்படுவாங்க. கமிஷன் சதவீதத்தைப் போட்டு இழுக்காதீங்க, 4 பெரிய அநியாயம் இல்லை. 2024ல வந்த என்ஏஆர் (ரியல்டர்கள் சங்கம்) கமிஷன் வழக்கு செட்டில்மெண்ட் மாத்தினதெல்லாம் எம்எல்எஸ்ங்கிற ஏஜெண்டுகளோட பொதுப் பட்டியல்ல நடக்கிற வீட்டு வியாபாரத்தைத்தான், இதுக்குச் சம்பந்தமில்லை, கூட்டத்துல அதைச் சொல்லி மாட்டிக்காதீங்க. ஆளு பேரை டிஆர்ஈ (மாநில ரியல் எஸ்டேட் துறை) தளத்துல போட்டா லைசென்ஸும் ஒழுங்கு நடவடிக்கையும் தெரிஞ்சிடும்.

செம்பருத்தி:

ஒப்பந்த நகலை இப்போதுதான் முழுசாகப் படித்தேன். ராத்திரி பத்தரைக்குப் படிக்கிற சமாச்சாரமே இல்லை.

டூயல் ஏஜென்சி இருக்கிறது: "சிட்டி மேனேஜரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு அனுமதிக்கப்படும்." ஏற்கனவே அணுகியவர்கள் பட்டியல் இல்லவே இல்லை. காலம் 12 மாதம், கையெழுத்திட்ட நாளிலிருந்து. காலம் முடிந்தபின்னும் 180 நாளுக்குள், இவர் காட்டிய யாராவது வாங்கினால் கமிஷன் உண்டாம். கமிஷன் "எந்த வகையான உரிமை மாற்றத்துக்கும்" என்று போட்டிருக்கிறது. அந்த டீசல் பம்ப் பற்றி ஒரே வரி: "நிலம் இருக்கிற நிலையிலேயே விற்கப்படும்." உபரி என்று இன்னும் அறிவிக்கவே இல்லை, அது "பின்னர் வரும்" என்கிறது ரிப்போர்ட். லட்சுமி அக்கா சொன்ன நியாயமும் புரிகிறது. இதில் எதைப் பிடிப்பது?

பழைய கோப்பு:

லட்சுமியம்மா சொன்ன அந்த 15க்கும் 11க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்லத்தான் நல்ல புரோக்கருக்குக் காசு கொடுக்கிறோம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. அதனால்தான் ஆளை விட்டுவிட்டு ஷரத்தைப் பிடிக்கச் சொல்கிறேன்.

செம்பருத்தி, உங்கள் நகலில் எனக்கு முதலில் கண்ணில் படுவது தேதி. 12 மாதம் இன்றே ஓடத் தொடங்கினால், உபரி என்று அறிவிக்க ஒன்றிரண்டு மாதம், 60 நாள், 90 நாள், எச்சிடியின் 30 நாள். இதிலேயே எட்டு மாதம் போய்விடும். திறந்த சந்தையில் விற்க மிச்சம் நாலு மாதம். அவசரத்தில் வருகிற முதல் ஆஃபரைத் தலையில் கட்டுவார், இல்லையென்றால் கால நீட்டிப்புக்கு இன்னொரு கன்சென்ட் ஐட்டம் வரும். 90 நாள் பேச்சு முடிந்த மறுநாளிலிருந்து காலம் தொடங்கட்டும். 180 நாள் வாலும் பெரிய விஷயமில்லை, காட்டிய ஆட்களின் பெயர்ப் பட்டியலை ஒப்பந்தம் முடியும்போதே எழுதிக் கொடுத்திருந்தால்.

"எந்த வகையான உரிமை மாற்றத்துக்கும்" என்பதுதான் எனக்குப் பிடிக்காத வரி. சட்டப்படி அறிவிப்பு அனுப்புவது சிட்டியின் கடமை. அதைப் பார்த்துவிட்டு லாப நோக்கில்லாத வீட்டுவசதி நிறுவனம் ஒன்று தானாக வந்து வாங்கினால், அல்லது சிட்டி நீண்ட குத்தகைக்கு விட்டால், புரோக்கர் என்ன செய்தார்? ஒன்றுமில்லை. இந்த வரி இருக்கிறவரை அவருக்குக் கமிஷன் உண்டு. அதைவிட, இல்லாமலிருந்தாலும் சிக்கல்தான்: அந்த வழியில் விற்றால் தனக்குப் பூஜ்யம் என்றால், 90 நாள் பேச்சு முறிவதில்தான் அவருக்கு லாபம். அந்த மேஜையில் அவரை உட்கார வைக்கலாமா? நாங்கள் ஒருமுறை செய்தது, அந்தப் பகுதிக்கு மட்டும் மணிக்கணக்கில் கட்டணம், மேலே ஒரு உச்சவரம்பு. விற்றாலும் விற்காவிட்டாலும் அதே காசு. சண்டையே வரவில்லை.

டீசல் பம்புக்கு வருகிறேன். யார்டு என்றாலே தரைக்கடியில் டாங்க் இருக்கும், அல்லது இருந்து எடுத்திருப்பார்கள். எடுத்திருந்தால் கவுண்டியிடமிருந்து டாங்க் மூடிய கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். சிட்டியே முதலில் பழைய பதிவுகளைப் பார்த்து மாசு வாய்ப்பைச் சொல்லும் ஃபேஸ் 1, தேவைப்பட்டால் மண்ணைத் துளைத்துப் பார்க்கும் ஃபேஸ் 2 எடுத்து, கையேட்டோடு எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? வாங்குகிறவன் 12 மில்லியனுக்குக் கையெழுத்துப் போடுவான். மற்ற ஆஃபர்க்காரர்கள் எல்லாம் வேறு நிலம் பார்த்துப் போய்விடுவார்கள். ஆய்வுக் காலம் முடிவதற்கு ஒருநாள் முன்பு, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயந்திரம், அவன் வக்கீலிடமிருந்து ஒரு மெயில் வரும். நாங்கள் மண் எடுத்துப் பார்த்தோம், வேலியோரமாகத் துளைத்த இடத்தில் டீசல் இருக்கிறது, சுத்தம் செய்ய இவ்வளவு ஆகும், விலையை ஒன்றரை மில்லியன் குறையுங்கள், இல்லையென்றால் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுங்கள். இதற்கு ரீட்ரேட் என்று பெயர். அந்த நேரத்தில் கமிஷனில் 30,000 குறைகிறதே என்று புரோக்கர் சண்டை போட மாட்டார். "எடுத்துக்கிட்டு முடிச்சிடலாம் சார்" என்பார்.

அந்த நிலம் எந்தக் கணக்கில் வாங்கியது என்றும் கேளுங்கள். தண்ணீர் கட்டணப் பணத்தில் வாங்கியிருந்தால் விற்ற காசு அந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும், ஜெனரல் ஃபண்ட் என்கிற பொதுக் கணக்கில் கலந்துவிட முடியாது. பட்ஜெட்டில் ஏற்கனவே யாராவது அந்தக் காசைச் செலவு எழுதிவைத்திருப்பார்கள்.

ஆரஞ்சு கவுண்டி அப்பா:

"உபரி அறிவிப்பு பின்னர் வரும்" என்பதை லேசாக விடாதீர்கள். எங்கள் பக்கத்து ஆனஹைமில் ஏஞ்சல் ஸ்டேடியம் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஸ்டேடியமும் சுற்றியுள்ள பார்க்கிங்கும் சேர்த்து சுமார் 150 ஏக்கர், 320 மில்லியனுக்கு ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணி முதலாளியின் நிறுவனத்துக்கு விற்பதாக ஒப்பந்தம். சர்ப்ளஸ் லேண்ட் ஆக்ட் எங்களுக்குப் பொருந்தாது என்று சிட்டி சொல்லிக்கொண்டே இருந்தது. 2021 டிசம்பரில் எச்சிடி விதிமீறல் நோட்டீஸ் கொடுத்தது. முதல் தடவை மீறினால் அபராதம் விலையில் 30 சதவீதம், அடுத்த தடவை 50. 320ல் 30 சதவீதம் 96 மில்லியன். 2022 ஏப்ரலில் அந்தத் தொகையைக் குறைந்த வருமான வீடுகளுக்கு ஒதுக்குவதாக மாநிலத்தோடு சமரசம் பேசினார்கள். மே மாதம் மேயர் ஹேரி சித்து மீது எஃப்பிஐ விசாரணை நடப்பது வெளியே வந்தது, அவர் ராஜினாமா செய்தார், கவுன்சில் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. 2023ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஸ்டேடியம் இன்னும் சிட்டி கையில்தான் இருக்கிறது.

உங்கள் யார்டு 12 மில்லியன் என்றால் 30 சதவீதம் 3.6 மில்லியன். புரோக்கர் கமிஷன் அதன் முன்னால் சுண்டைக்காய்.

பிளாக் காபி:

ஆக மச்சான் இருந்தான்ல? 😀

பழைய கோப்பு:

இருந்தான் தம்பி. ஆனால் அந்த விற்பனையில் முதலில் சிட்டி மாட்டியது அவனால் இல்லை, அறிவிப்பு அனுப்பாததால். எச்சிடி நோட்டீஸுக்குப் பிறகுதான் அந்த விவகாரம் வெளியே வந்தது.

செம்பருத்தி, ஒரு யோசனை. கூட்டத்துக்கு முன்பே உங்கள் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் உறுப்பினருக்கு ஒரு மெயில் போட்டு, இந்த ஐட்டத்தைக் கன்சென்டிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கன்சென்டிலேயே கிடந்தால் நீங்கள் பேசலாம், ஆனால் பெரும்பாலும் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். வெளியே எடுத்துவிட்டால் ஸ்டாஃப் எழுந்து நின்று விளக்க வேண்டும். மெயிலில் ஷரத்து எண்ணைப் போட்டு எழுதுங்கள், சிட்டி அட்டர்னிக்கும் ஒரு காப்பி.

செம்பருத்தி:

கூட்டம் நேற்று முடிந்தது. எங்கள் உறுப்பினர் ஐட்டத்தை வெளியே எடுத்தார், மெயில் படித்திருக்கிறார் என்று தெரிந்தது. நான் இரண்டே விஷயம்தான் கேட்டேன்: உபரி என்று அறிவிக்காமல் புரோக்கருக்கு ஏன் நாள் ஓட ஆரம்பிக்க வேண்டும், வாங்குபவருக்கும் இவரே ஏஜெண்டாக வரலாம் என்றால் 54222 என்ன ஆகும். இரண்டாவது கேள்விக்கு சிட்டி அட்டர்னி மைக்கைப் பிடித்து "அது கவனிக்க வேண்டியது" என்றார். எகனாமிக் டெவலப்மெண்ட் மேனேஜர் முகம் கொஞ்சம் சுருங்கியது. நல்ல மனிதர்தான், அவருக்கும் கீழே ஒரே ஒரு ஆள் என்றார், லட்சுமி அக்கா சொன்ன மாதிரியே.

ஐட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். திருத்தி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருவார்களாம்: டூயல் ஏஜென்சி போகும், ஏற்கனவே அணுகியவர்கள் பட்டியலை சிட்டி 30 நாளுக்குள் கொடுக்கும், காலம் 90 நாள் பேச்சுக்குப் பிறகு தொடங்கும். மணிக்கணக்குக் கட்டணத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை, "புரோக்கரிடம் பேசிப் பார்க்கிறோம்" என்றார்கள். கமிஷன் 4 அப்படியே. டாங்க் கடிதம் இருக்கிறதா என்று ஒரு உறுப்பினர் கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. அதற்கு பப்ளிக் ரெக்கார்ட்ஸ் (அரசு ஆவணங்களைக் கேட்கிற) விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

லாக்பாக்ஸ் லட்சுமி:

சூப்பர். விண்ணப்பத்துக்கு பத்து நாள்ல பதில் வரணும், ஆனா "தேடிட்டு இருக்கோம்"னுதான் முதல்ல வரும். சிட்டியை நம்பி உட்காராம, மாநிலத்தோட ஜியோடிராக்கர் தளத்துல யார்டு விலாசத்தைப் போட்டுப் பாருங்க. டாங்க் கசிஞ்சு கேஸ் ஆகியிருந்தா, மூடினதா மூடலையான்னு அங்கயே இருக்கும்.